மஞ்சள் விளக்கும் கசாரா ஏற்றமும்

லாரி ஓடினால் அது டிரைவரின் கைராசி, நின்றால் கம்ப்யூட்டர்காரனின் கைவரிசை என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் விதி.

பம்பாய் ஆண்டாப் ஹில்லில், லாரிகள் வரிசை கட்டி நிற்கிற ரோட்டை ஒட்டி எனக்கு ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதில் ஒரு லேப்டாப், ஒரு ஸ்கேனர், ஒரு பெட்டி நிறைய ஒயர்கள், சுவரில் ஒரு பிள்ளையார். இந்தக் காலத்து டீசல் இன்ஜினுக்குள் எவ்வளவு டீசல், எந்த நேரத்தில், எவ்வளவு அழுத்தத்தில் போக வேண்டும் என்பதையெல்லாம் ஒரு சின்ன அலுமினியப் பெட்டி முடிவு செய்கிறது. அதுதான் இன்ஜினின் கம்ப்யூட்டர். அதற்குள் இருக்கிற கணக்கை மாற்றி எழுதி, அதே இன்ஜினிடம் கொஞ்சம் கூடுதல் வேலை வாங்குவதற்கு டியூனிங் என்று பெயர். எழுத ஒரு மணி நேரம் போதும். எழுதிய பிறகு வருகிற புகார்களுக்குப் பதில் சொல்லத்தான் ஆயுசு போதாது.

உங்கள் வண்டியிலும் இன்ஜின் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்கு என்றைக்காவது எரிந்திருந்தால், உட்காருங்கள், நீங்களும் நம்ம ஆள்தான். இங்கே சொல்வதெல்லாம் ஒரே ஒரு லாரி எனக்குக் கொடுத்த பாடங்கள்.

அண்ணாச்சியின் நிபந்தனை

தங்கபாண்டி அண்ணாச்சிக்குத் தாராவியில் பிளாஸ்டிக் கிடங்கு. பழைய பிளாஸ்டிக்கை உருக்கி, குருணையாக்கி, மூட்டை கட்டி நாசிக் பக்கத்து ஃபேக்டரிகளுக்கு அனுப்புகிறார். சொந்தமாக ஒரே ஒரு ஆறு சக்கர லாரி. அதை ஒன்பது வருஷமாக ஓட்டுகிறவன் சுடலைமுத்து. நாசிக் போகிற வழியில் கசாரா மலை குறுக்கே நிற்கிறது. மூட்டைகளோடு அதில் ஏறும்போது அந்த லாரி படுகிற பாட்டை அண்ணாச்சி என் கொட்டகையில் நின்று நடித்தே காட்டினார். பின்னால் வருகிற டெம்போக்காரன் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போகிறானாம், திரும்பிப் பார்த்து வேறு சிரிக்கிறானாம்.

லேப்டாப்பை மாட்டி, மேடு ஏறும்போது இழுவை கூடுகிற மாதிரி எழுதிக் கொடுத்தேன். சுடலை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, புதுச் சைக்கிள் வாங்கிய பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே இறங்கினான். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. “டீசல் கூடக் குடிக்குமோ?” என்று கேட்டார். “ஒரு சொட்டு கூடக் குடிக்காது அண்ணாச்சி” என்றேன். இழுவை கூடினால் டிரைவரின் காலும் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தும், மலையில் டீசல் கூடத்தான் செலவாகும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வேலை கைக்கு வருகிற நேரத்தில் வாய் நீளுவது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் இருக்கிற வியாதி. அண்ணாச்சி என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“பறக்கெல்லாம் வேண்டாம் தம்பி. வழியில நின்னு மானத்த வாங்காம இருந்தாப் போதும்.”

குளித்துவிட்டு வந்த நோயாளி

இரண்டு வாரம் லாரி பறந்தது. மூன்றாவது வாரம், ஒரு நாள் மத்தியானம், சுடலை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். “கசாரால பாதி ஏறுகையில மஞ்ச லைட்டு எரிஞ்சிது அண்ணே. அதோட வண்டி செத்துப்போச்சு. மிதிச்சா மிதிச்ச எடத்துலயே நிக்கி. ஓரமா போட்டு அரை மணி நேரம் கெடந்தேன், பெறகு தானா சரியாயிட்டு” என்றான்.

ஏதோ ஆபத்து என்று கம்ப்யூட்டருக்குத் தோன்றினால், இன்ஜினைக் காப்பாற்ற அது இழுவையைப் பாதியாகக் குறைத்துவிடும். என்ன ஆபத்து என்பதை ஒரு எண்ணாகத் தனக்குள் குறித்தும் வைத்துக்கொள்ளும். அந்த எண்ணைப் படித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஸ்கேனரை மாட்டினேன். ஒன்றுமே இல்லை, கழுவி விட்ட சிலேட்டு. எனக்கு உடனே புரிந்துவிட்டது. “பேட்டரி ஒயரைக் கழட்டினியா?” என்று கேட்டேன். பேட்டரியை இறக்கி மாட்டினால் விளக்கு அணைந்துவிடும் என்று லாரி டிரைவர்கள் எல்லாருக்கும் தெரியும். விளக்கோடு சேர்ந்து, எனக்கு வேண்டிய குறிப்பும் அழிந்துபோகும் என்பது மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு மாதத்தில் இப்படிப் பத்து வண்டியாவது என்னிடம் வருகிறது. தலையில் அடித்துக்கொண்டேன். சுடலைக்கு நான் ஏன் கத்துகிறேன் என்றே புரியவில்லை.

“ஆஸ்பத்திரிக்குப் போறப்ப குளிச்சிட்டுத்தான அண்ணே போவோம்?”

யூசுப் பாயின் தீர்ப்பு

“இனி பேட்டரியில் கை வைத்தால் கையை ஒடிப்பேன்” என்று சொல்லி அனுப்பினேன். நான்கு நாளில் திரும்பி வந்தான், இந்தத் தடவை விளக்கு எரிய எரிய. ஸ்கேனர் ஒரே ஒரு குற்றச்சாட்டைச் சொன்னது. இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற குழாயில் அழுத்தம் குறைகிறதாம். கம்ப்யூட்டர் கேட்கிற அளவு வந்து சேரவில்லையாம்.

பக்கத்துக் கொட்டகை யூசுப் பாயுடையது. மேலப்பாளையத்துக்காரர், டீசல் பம்பு மெக்கானிக். அவருக்கு லேப்டாப் என்றாலே ஆகாது. எனக்கோ, பம்பில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்று ஆசை. ஃபில்டரை மாற்றினோம். பம்பை இறக்கி அவருடைய மேஜையில் ஏற்றி ஓட்டிப் பார்த்தோம். குழாய்களை ஊதிப் பார்த்தோம். ஒரு நாள் முழுக்கப் போனது. எல்லாம் புதுசு மாதிரி இருந்தது. வெறும் வண்டியை ஆண்டாப் ஹில் முழுக்கச் சுற்றிவிட்டு வந்தேன், விளக்கு எரியவே இல்லை. யூசுப் பாய் கையைத் துடைத்துக்கொண்டே என் லேப்டாப்பைக் கண்ணால் காட்டினார்.

“பம்பு, கேட்டதக் குடுக்குது. அவ்வளவு கேக்கச் சொல்லி அதுகிட்டச் சொன்னது யாரு, நீதான?”

நான் மட்டும் சந்தோஷப்பட்ட நாள்

ரோஷம் வந்துவிட்டது. நான் எழுதியதை முழுக்க எடுத்துவிட்டு, கம்பெனி கொடுத்த பழைய கணக்கையே திரும்ப ஏற்றி அனுப்பினேன். கோளாறு என் எழுத்தில் இருந்தால் தெரிந்துவிடட்டும் என்று நினைத்தேன். லாரி இரண்டு நடை நாசிக் போய் வந்தது. விளக்கு கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அண்ணாச்சி போன் போட்டு, “அப்ப ஒங்க வேலையிலதான் கோளாறு” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பதினேழு வருஷம் இந்த ரோட்டில் குப்பை கொட்டியிருக்கிறேன், என் எழுத்தால் ஒரு வண்டி நின்றது என்று ஒருத்தர் சொன்னதில்லை.

மூன்றாவது நடையில் லாரி அதே கசாராவில், அதே வளைவில் நின்றது. என் எழுத்து ஒரு வரிகூட அதில் இல்லாத நேரம். சத்தியமாகச் சொல்கிறேன், லாரி நின்ற செய்தி கேட்டு இந்த பம்பாயிலேயே சந்தோஷப்பட்டவன் நான் ஒருவன்தான். அந்தச் சந்தோஷத்தோடு அண்ணாச்சிக்குப் போன் போட்டது என் தப்பு.

“நீங்க தொட்ட பெறகுதான் இது வந்துது. எடுத்த பெறகும் போகலன்னா, அப்படி என்ன எழவத்தான் எழுதுனிய?”

பெல்ட்டில் தொங்கிய சாவி

அடுத்த தடவை லாரியோடு அண்ணாச்சியும் வந்தார். இறங்கியதும் இன்ஜின் பக்கம் போகவில்லை, நேராக டீசல் டேங்க் பக்கம் போனார். பெல்ட்டில் மாட்டியிருந்த சாவியை எடுத்து டேங்க் மூடியைத் திறந்தார். ஒரு மரக்குச்சியை உள்ளே விட்டு, எடுத்து, ஈரம் எதுவரைக்கும் இருக்கிறது என்று விரலால் அளந்தார். பிறகு பூட்டினார். கம்பெனி மூடிமேல் இரும்புப் பட்டை வெல்டிங் வைத்து, உள்ளே கனமான ரப்பர் வளையம் போட்டு, ஏதோ லேத் பட்டறையில் செய்து வாங்கிய பூட்டு. நான் லேப்டாப்காரன். டேங்க் பக்கம் எனக்கு என்ன ஜோலி? அன்றைக்குத்தான் அதை முதல் தடவையாகப் பார்த்தேன்.

அண்ணாச்சி என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் குரலை இறக்கினார். டியூனிங் முடிந்த முதல் இரண்டு வாரத்தில் டீசல் கணக்கு இடித்ததாம். லிட்டருக்கு ஓடுகிற தூரம் குறைந்துவிட்டதாம். அதனால்தான் மூன்றாவது வாரமே இந்தப் பூட்டைப் போட்டாராம். “கூடக் குடிக்காதுன்னு நீங்களே சொன்னிய. அப்ப எங்க போவுது?” சுடலை வழியில் டீசல் எடுத்து விற்கிறான், அதை மறைக்கத்தான் வண்டி நின்றுபோகிறது என்று நாடகம் ஆடுகிறான் என்பது அவர் முடிவு. இந்த மாதக் கடைசி வரைக்கும் பார்ப்பார். வேறு டிரைவரிடம் பேசியும் வைத்திருக்கிறார்.

சுடலை நாலு எட்டு தள்ளி நின்று, சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் காது கேட்காதா என்ன? அவன் பெண்டாட்டி பிள்ளையோடு குடியிருக்கிற கோலி அண்ணாச்சியின் கிடங்குக்கு மேல் இருக்கிற ஒற்றை அறைதான். வேலை போனால் கோலியும் போகும். மகள் பத்தாம் வகுப்பு, பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். “அண்ணாச்சி, டீசல் திருட்டுப் போகவில்லை, நான் சொன்னதுதான் பொய்” என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏற்கெனவே கெட்டுக் கிடக்கிற பெயர் இன்னும் கெடுமே என்று பயந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. அண்ணாச்சி என் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

“சந்தேகம்னு இல்ல தம்பி. பூட்டுன்னு ஒண்ணு இருந்தா அவனுக்கும் கெட்ட பேரு இல்லல்லா?”

மாட்டுங்கா மாமி போட்ட போடு

அதே வாரம் மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமி வந்தார். பேங்க் வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர், டீசல் கார் வைத்திருக்கிறார், தானே ஓட்டுவார். அவர் காரில் மஞ்சள் விளக்கு ஃப்ளைஓவர் ஏறும்போது மட்டும் எரிகிறதாம், இறங்கியதும் அணைகிறதாம். நிறுத்தி வைத்துப் பார்த்தேன், எல்லாம் ஒழுங்காக இருந்தது. “ஒண்ணும் இல்ல மாமி” என்றேன். என் மண்டைக்குள் கசாரா ஓடிக்கொண்டிருந்ததால் கொஞ்சம் எரிச்சலாகவே சொல்லியிருப்பேன்.

மாமி கைப்பையை என் மேஜைமேல் வைத்தார். எனக்கு முன்னால் மூன்று மெக்கானிக் இதையே சொல்லி அனுப்பினார்களாம். நான் நாலாவது ஆள். அப்புறம் அவர் சொன்னதைக் கேட்டு, வேறு வழியில்லாமல் காரில் ஏறி உட்கார்ந்தேன். ஃப்ளைஓவரில் பாதி தூரம் போவதற்குள் தெரிந்துவிட்டது. மேட்டில் இன்ஜின் பின்னால் சாயும்போது ஒரு ஒயர் இழுபட்டு இணைப்பு விடுகிறது. ஐந்து நிமிஷ வேலை. திரும்பி வரும்போது எனக்குள் வேறு ஒரு கணக்கு ஓட ஆரம்பித்திருந்தது. கசாராவில் நிற்கிற வண்டியை ஒரு மாதமாக நான் ஆண்டாப் ஹில்லில் வைத்துத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாமி சொன்னது இதுதான்:

“நின்னுண்டிருக்கறச்சே எல்லாம் சரியாத்தான் இருக்கும். ஒரு தடவையாவது கூட ஏறி உக்காந்து பாத்தேளா?”

மலை காட்டிக் கொடுத்தது

மறுநாளே சுடலையோடு ஏறினேன். லாரி நிறைய மூட்டை. சயான் பக்கத்து பங்க்கில் அண்ணாச்சி நின்று டேங்க்கை விளிம்புவரை நிரப்பி, தன் கையாலேயே பூட்டிச் சாவியைப் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு போனார். நான் லேப்டாப்பை மடியில் வைத்து, அழுத்தம் காட்டுகிற கோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். பிவண்டி தாண்டியது, கோடு நேராக இருந்தது. ஷாஹாபூர் தாண்டியது, லேசாக ஆட ஆரம்பித்தது. மலை ஏற ஏறப் படிப்படியாக இறங்கியது. சுடலை ஸ்டியரிங்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு “ஏறு, ஏறு” என்று கெஞ்சினான். அந்த வளைவு வந்ததும் மஞ்சள் விளக்கு எரிந்தது. எனக்கு முறுக்கு ஏறிவிட்டது. இன்றைக்கு உன்னை விடப்போவதில்லை என்று லாரியிடம் வாய்விட்டே சொன்னேன்.

சுடலை சக்கரத்துக்குக் கல் கொடுத்து, பின்னால் வருகிற வண்டிகளுக்கு அடையாளமாக இலைக்கொத்து ஒடித்துப் போட்டான். நான் ஃபில்டரில் இருந்த சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தினேன். அதைத் தளர்த்தினால் டீசல் வெளியே கசிய வேண்டும். இங்கே ‘உஸ்’ என்று வெளிக்காற்றை உள்ளே இழுத்தது. யாரோ டேங்க் பக்கமிருந்து டீசலைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. ஓடிப்போய் டேங்க்கைப் பார்த்தேன். அதன் இரண்டு பக்கமும், உறிஞ்சிய கன்னம் மாதிரி, உள்ளே ஒட்டியிருந்தது. அந்த ரப்பர் வளையமும் வெல்டிங்கும் மூடியில் இருந்த காற்றுத் துளையை அடைத்துவிட்டன. டீசல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வழியில்லை. பம்பு இழுக்கிறது, டேங்க் விட மாட்டேன் என்கிறது. டேங்க் நிரம்பி இருந்தால் உள்ளே காற்று இல்லை, கசாராவுக்குள் மூச்சு முட்டிவிடும். முன்னால் நிற்காமல் ஓடிய அந்த இரண்டு நடையிலும் டேங்க் பாதிதான் இருந்தது என்று சுடலை யோசித்துச் சொன்னான். அரை மணி நேரம் போட்டு வைத்தால் எப்படியோ கசிந்து காற்று உள்ளே போய்விடும், வண்டி கிளம்பிவிடும். என் கொட்டகைக்கு வருவதற்குள் அண்ணாச்சி குச்சி விட்டு அளக்கத் திறந்திருப்பார். என்னிடம் வரும்போது நோயே இருக்காது.

தேதிகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கோளாறு நான் எழுதியதால் வந்தது இல்லை, பூட்டுப் போட்ட பிறகு வந்தது. அந்தப் பூட்டைப் பற்றி சுடலை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒன்பது வருஷம் ஓட்டிய வண்டியில் தனக்கு எதிராக ஒரு பூட்டு தொங்குகிறது என்று எவன் வாய்விட்டுச் சொல்வான்? எனக்கு வந்த கோபத்தில் சுத்தியலை எடுத்துக்கொண்டு டேங்க்கை நோக்கிப் போனேன். சுடலை குறுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். 

“பூட்ட மட்டும் ஒடைச்சிராதிய அண்ணே. ஒடைஞ்சா நான்தான் ஒடைச்சேன்னு ஆயிரும்.”

போனில் அண்ணாச்சி

பூட்டைத் தொடவில்லை. டேங்க்கின் மேல் இருந்த ஒரு குழாயைத் தளர்த்திக் காற்று உள்ளே போக விட்டேன். ஒரு பெரிய இழுப்புச் சத்தம், அதைத் தொடர்ந்து ‘டமார்’ என்று டேங்க்கின் கன்னம் வெளியே வந்தது. குழாய் மேல் துணியைச் சுற்றிக்கொண்டு கிளம்பினோம். மலை உச்சியில் இருக்கிற இகத்புரி வரைக்கும் லாரி ஒரு இடத்தில்கூட முனகவில்லை. அங்கே இறங்கி அண்ணாச்சிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் விளக்கினேன். அவசரத்தில் விளக்கினேன், அதனால் எனக்கே அது கட்டுக்கதை மாதிரிதான் கேட்டது. லாரியை நிறுத்தியது நீங்கள் மாட்டிய பூட்டுதான் என்று ஒரு முதலாளியிடம் போனில் சொல்லிப் பாருங்கள், தெரியும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“ரெண்டு பேரும் ஒரே கடையில டீ குடிச்சிட்டு ஒரே கதையச் சொல்லுதிய. பூட்டத் தொறக்கணும், அதான வேணும் ஒங்களுக்கு?”

கேபினில் மூன்று பேர்

மாதம் முடிய ஐந்து நாள்தான் இருந்தது. மூன்று நாள் காலையில் கொட்டகையைத் திறக்காமல் நேராக அண்ணாச்சியின் கிடங்குக்குப் போய் மூட்டைமேல் உட்கார்ந்தேன். “நீங்க ஒரு தடவ கூட வாங்க. வண்டி நிக்கலன்னா நான் இந்தத் தொழிலையே விட்டுர்றேன்” என்றேன். முதல் நாள் அவர் சிரித்தார். இரண்டாம் நாள் திட்டினார். மூன்றாம் நாள் மேல்மாடிக் கோலியிலிருந்து சுடலையின் மகள் சத்தம் போட்டுப் பாடம் படிப்பது கேட்டுக்கொண்டிருந்தது. எதிரே இருந்த அண்ணாச்சியும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, “வாங்க, போயிட்டு வந்துருவோம்” என்றார்.

அவர் கண் முன்னால் குழாயை இறுக்கினேன். விடாப்பிடியாக என் எழுத்தையே கம்ப்யூட்டரில் திரும்ப ஏற்றினேன். டேங்க்கை நிரப்பி அவரே பூட்டினார். கேபினில் அவரை நடுவில் உட்கார வைத்து லேப்டாப்பை அவர் மடியிலேயே வைத்தேன். ஷாஹாபூர் வரைக்கும் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தவர், மலை தொடங்கியதும் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதே வளைவு, அதே மஞ்சள் விளக்கு. லாரி நின்றது. “எறங்குங்க அண்ணாச்சி, ஒங்க கையாலயே தொறங்க” என்றேன். சாவி திரும்பியது, மூடி வரவில்லை. காற்று அதை அப்படிப் பிடித்து வைத்திருந்தது. இரண்டு கையாலும் முறுக்கி இழுத்தார். ‘உஸ்ஸ்’ என்று நீளமாக ஒரு மூச்சு, அதற்குப் பின்னால் டேங்க் வெடித்த மாதிரி ஒரு சத்தம். அண்ணாச்சி இரண்டடி பின்னால் துள்ளினார். மூடியைச் சும்மா மேலே வைத்துக்கொண்டு கிளம்பினோம். மூட்டைகளோடு அந்த லாரி மிச்ச மலையை ஏறிய வேகத்தில் இரண்டு டெம்போக்களை சுடலை முந்தினான். 

மிச்சத்தை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. “அண்ணாச்சி, டீசல் கூடக் குடிக்காதுன்னு அன்னைக்கு நான் சொன்னது பொய். இந்த ஏத்தத்துல இந்த வேகத்துக்குக் கூடத்தான் ஆகும். ஒரு சொட்டுகூட வெளிய போகல” என்றேன்.  அவர் என்னைப் பார்க்கவில்லை. “அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா” என்றார், அவ்வளவுதான். சுடலை ரோட்டையே பார்த்து ஓட்டினான். அவன் தாடை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

இகத்புரி டீக்கடையில் அண்ணாச்சி பெல்ட்டிலிருந்து சாவியைக் கழற்றினார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன். அதைச் சுடலையின் டீ கிளாஸ் பக்கத்தில் வைத்து, “இந்தா, இனி நீயே வச்சிக்க” என்றார். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சுடலை சாவியை எடுத்தான், சட்டையில் துடைத்தான், திரும்ப அண்ணாச்சி பக்கமே நகர்த்தி வைத்தான். அவன் அவரை நேராகப் பார்த்துப் பேசி அன்றைக்குத்தான் நான் கேட்டேன்.

“சாவி ஒங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணாச்சி, பூட்டும் இருக்கட்டும். மூடியில ஒரு ஓட்ட மட்டும் போடச் சொல்லுங்க. நாளைக்கு ஒரு லிட்டர் கொறஞ்சா என்னப் பாக்காம பூட்டப் பாப்பியள்லா.”

மூடியில் ஓட்டை போட லேத் பட்டறையில் இரண்டு நிமிஷம்தான் ஆனது. அந்த இரண்டு நிமிஷ வேலையைக் கண்டுபிடிக்க எங்கள் மூன்று பேருக்கும் ஒன்றரை மாதமும் ஒரு மலையும் தேவைப்பட்டன.